ஊர் போட்ட முதல்

தியாகராய நகரில் பேர் சொன்னாலே தெரியும் கடைகளை எடுத்துக்கொண்டால், அவற்றைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் சென்னைக்காரர்கள் அல்லர். 1928-ல் கடை திறந்த நல்லி சின்னசாமி செட்டியார் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர். ரங்கநாதன் தெருவில் பாத்திரக் கடையாகத் தொடங்கிய சரவணா ஸ்டோர்ஸின் சகோதரர்களுக்கு ஊர் திருச்செந்தூர் பக்கத்துப் பணிக்கநாடார் குடியிருப்பு. 1978-ல் உஸ்மான் சாலையில் வசந்த் அண்டு கோவைத் தொடங்கிய எச். வசந்தகுமார் குமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்துக்காரர். பின்னால் வந்த ஆரெம்கேவி 1924-ல் திருநெல்வேலியில் பிறந்த கடை. போத்தீஸ் 1923-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கியது. இப்படி வெளியூரிலிருந்து வந்து வியாபாரத்தில் நிலைத்தவர்களைப் பற்றி நம் பத்திரிகைகளும் மேடைகளும் ஒரே கதையைத்தான் சொல்லிவந்திருக்கின்றன: வெறுங்கையோடு ரயிலேறினார், ராப்பகலாக உழைத்தார், உயர்ந்தார். அவர்கள் உழைத்ததில் சந்தேகமே இல்லை. ஆனால் வெறுங்கையோடு வந்தார் என்பது உண்மையில்லை. அவர்கள் கொண்டுவந்த முதல் பணமாக இல்லாததால் நம் கணக்கில் ஏறவில்லை. அந்த முதலைப் போட்டது அவர்களுடைய ஊர். அதைத் திருப்பிக் கொடுத்த கதையை நாம் இன்னும் நேர்மையாக எழுதவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

தியாகராய நகரே குடியேறியவர்களின் நிலம்தான். 1920-களின் தொடக்கம் வரை அங்கே பெரிய ஏரி இருந்தது. நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1923-க்கும் 1925-க்கும் இடையில், மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை பிரித்தார்கள். கட்சியின் முன்னோடி பிட்டி தியாகராயரின் பெயர் ஊருக்கும், முதல்வராக இருந்த பனகல் அரசரின் பெயர் நடுவிலிருக்கும் பூங்காவுக்கும் வைக்கப்பட்டன. மயிலாப்பூரில் கோயிலைச் சுற்றியும் ஜார்ஜ் டவுனில் துறைமுகத்தைச் சுற்றியும் வியாபாரம் தலைமுறை தலைமுறையாகச் சிலர் கையில் இருந்தது. தி.நகரில் அப்படிப் பழைய உரிமைக்காரர் யாருமில்லை. 1931-ல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலம் நிலையத்தில் இறங்கும் கூட்டம் கடைக்காரருக்குத் தானாகக் கிடைத்தது. புதியவர் கடை போட இவ்வளவு வாய்ப்பான இடம் அன்றைய சென்னையில் வேறு இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் இடம் எல்லாருக்கும் பொது. அங்கே தாக்குப்பிடித்தவர் யார், ஏன் என்பதுதான் கேள்வி.

தெற்கே திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத்தில் தேரிக்காடு என்று ஒரு நிலம் உண்டு. சிவந்த மணல் மேடு, நெல் விளையாது, பனை நிற்கும். பனையேற்றம் ஆண்டில் சில மாதத் தொழில். பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சி விற்று, மீதி மாதங்களைக் கடன் வாங்கி ஓட்ட வேண்டும். அங்கிருந்து கிளம்பியவர்கள் கொழும்புக்குப் போனார்கள், மதுரைக்குப் போனார்கள், சென்னைக்கும் வந்தார்கள். சென்னைக்கு வந்தவர் மளிகைக் கடையிலோ பாத்திரக் கடையிலோ ஊர்க்காரர் ஒருவரிடம் சேர்வார். சாப்பாடும் படுக்கையும் கடையிலேயே. சம்பளத்தின் பெரும்பகுதி முதலாளியிடமே சேர்ந்து, தனிக்கடை வைக்கும் நாளில் கைக்கு வரும். சரக்குக்கு சௌகார்பேட்டை மொத்த வியாபாரியிடம் கடன் சொல்ல வேண்டும். அந்தக் கடனுக்கு ஈடு பழைய முதலாளியின் வாய்ச்சொல். பணம் தராமல் ஓடிவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது, தங்கைக்கு வரன் வராது. வங்கி கேட்கும் அடமானத்தைவிட இந்த அடமானம் பலமானது. எழுத்தில்லாமல் கிடைத்த இந்தக் கடன், வேலை கற்கக் கிடைத்த கடை, பிறகு தன் கடைக்கு நம்பி அழைத்துவர ஊரில் காத்திருந்த பையன்கள் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அவர் கொண்டுவந்த முதல்.

இந்த முதல் எப்படி வேலை செய்தது என்பதைப் பார்க்க ஒரு பெரிய ஜவுளிக் கடைக்குள் போனால் போதும். சேலையை விரித்துக் காட்டும் பெண் பணத்தைத் தொடுவதில்லை. அவர் துண்டுச்சீட்டில் விலையைக் குறித்துச் சரக்கை வேறிடத்துக்கு அனுப்புவார். பில் போடுபவர் இன்னொருவர், பணம் வாங்குபவர் மூன்றாமவர், பொட்டலத்தைச் சரிபார்த்துச் சீல் குத்திக் கையில் கொடுப்பவர் நான்காமவர். வாசலில் பில்லை மறுபடி பார்த்து அனுப்ப ஒருவர் நிற்பார். ஒரே பொருளை ஐந்து கை கடத்துகிறது. பணத்தைத் தொடுவது ஒரு கைதான். அந்தக் கல்லாவில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவர் மச்சான், மருமகன், பங்காளி முறையில் ஒருவராகவே இருப்பார். மாடிக்கு ஒரு மேற்பார்வையாளர், அவரும் ஊர்க்காரர். அவரைத் தாண்டி வெளிவட்டத்தில், நின்றபடி துணி மடிக்கும் நூற்றுக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும். குறைந்த லாபம், நிறைய விற்பனை, எல்லாருக்கும் ஒரே விலை என்ற தி.நகர் முறையை நாம் வியாபாரத் தந்திரமாகப் பாராட்டுகிறோம். பத்து ரூபாய் லாபத்தில் ஓடும் கடையில் களவுக்கு இடமிருக்கக் கூடாது, சம்பளமும் ஏறக் கூடாது. முதலாவதை உறவு பார்த்துக்கொண்டது. இரண்டாவதை ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் சுமந்தார்கள்.

உலகில் வேறு இடங்களிலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. 1959 புரட்சிக்குப் பின் கியூபாவை விட்டு அமெரிக்காவின் மயாமி நகருக்குப் போனவர்கள் அங்கே தங்களுக்குள்ளேயே ஒரு வியாபார உலகத்தை உருவாக்கினார்கள். அவர்களை ஆராய்ந்த கென்னத் வில்சனும் அலெஹாந்த்ரோ போர்ட்டஸும் 1980-ல் ஒரு முடிவைச் சொன்னார்கள்: சொந்த இனத்தார் கடையில் வேலை செய்பவர் வெளியே அடிமட்ட வேலைக்குப் போனவரைப்போலத் தேங்கிவிடுவதில்லை, தன் படிப்புக்கும் அனுபவத்துக்கும் உரிய பலனைப் பெறுகிறார். உறவு இருவரையும் உயர்த்துகிறது என்பது இதன் பொருள். ஏழு ஆண்டு கழித்து ஜிம்மி சாண்டர்ஸும் விக்டர் நீயும் அதே கேள்வியை மறுபடி எடுத்தார்கள். முதலாளிகளையும் வேலைக்காரர்களையும் தனித்தனியாகப் பிரித்துக் கணக்கிட்டபோது அந்தப் பலன் முதலாளிகளுக்கே போயிருந்தது, வேலை செய்தவர்களுக்கு அப்படிப் போகவில்லை என்று கண்டார்கள். ஒரு சமூகத்தை ஒரே ஆளாக எண்ணி சராசரி எடுத்தால் முதலாளியின் வெற்றி எல்லாருடைய வெற்றிபோலத் தெரியும் என்பது இந்த விவாதத்தின் பாடம். தெற்கத்திக்காரர்கள் தி.நகரைப் பிடித்துவிட்டார்கள் என்று நாம் சொல்வதும் அப்படி ஒரு சராசரிதான். பிடித்தவர்கள் யார், அவர்களுக்காக நின்றவர்கள் யார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். ஊர் என்பதெல்லாம் எதற்கு, இது சாதியின் திறமை, நாடார்கள் வியாபாரத்தில் கெட்டிக்காரர்கள், அவ்வளவுதானே என்பார்கள். இந்த மறுப்புக்கு ஆதாரம் இல்லாமலில்லை. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை நாடார்கள் உறவின்முறை என்ற அமைப்பை வைத்து, ஒவ்வொரு வியாபாரத்திலும் மகமை வசூலித்து, பொதுப்பணம் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் 1889-ல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. காமராசர் படித்த பள்ளி அது. 1910-ல் நாடார் மகாஜன சங்கம் வந்தது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கி, 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. ஆனால் இந்த வரலாற்றை விரிவாக எழுதிய ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-ல் வந்த தன் நூலில் வடக்கத்தி நாடார்களுக்கும் தெற்கத்தி நாடார்களுக்கும் இருந்த தூரத்தை எடுத்துச் சொல்கிறார். உறவின்முறையும் மகமையும் வடக்கே வியாபாரம் செய்தவர்களுடையவை. தேரிக்காட்டுப் பனையேறிகள் அந்த அமைப்புக்குள் வளர்ந்தவர்கள் அல்லர். தி.நகரின் பெரிய கடைகளுக்குப் பின்னாலிருப்பது அந்தத் தெற்குதான். மேலும் ஆரெம்கேவியைத் தொடங்கியவர் பிள்ளைமார், போத்தீஸ் மூப்பனார் குடும்பத்துடையது. அவர்களும் அதே தெருக்களில் நிலைத்தார்கள். ஆகவே ரத்தத்தில் ஊறிய திறமை என்ற விளக்கம் நிற்காது. நம்பிக்கையைக் கடனாகவும் ஆளாகவும் மாற்றும் ஏற்பாடு எந்தச் சாதியிடம் இருந்தாலும் அது வேலை செய்யும். சாதியைப் பாராட்டும் பேச்சில் அந்த ஏற்பாட்டின் செலவு யார் தலையில் விழுந்தது என்பது மறைந்துபோகிறது.

நல்லியைக் காட்டி இன்னொரு மறுப்பும் சொல்லலாம். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவருக்கு நெசவும் சேலையின் தரமும் தெரியும். அறிவே முதல், ஊர் உறவு எதற்கு? இதில் உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். கைத்தொழில் அறிவோடு வந்தவரின் பாதை வேறு. ஆனால் அந்த அறிவும் தனி ஒருவருடையதல்ல. தறியில் உட்கார்ந்தவர்கள் காஞ்சிபுரத்திலேயே இருந்தார்கள். அவர்களிடமிருந்து சேலை வாங்கும் நம்பிக்கையும் தரம் பார்க்கும் கண்ணும் அங்கிருந்தே வந்தன. ஆளைக் கொண்டுவருவதற்குப் பதில் நல்லி சரக்கைக் கொண்டுவந்தார். ஊரின் பங்கு அங்கும் இருக்கிறது. வேறு உருவத்தில் இருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு வேறு. அந்தப் பிள்ளைகளுக்கு ஊரில் என்ன இருந்தது? கடை முதலாளி வேலையும் சோறும் தங்க இடமும் கொடுத்தார். அவர்கள் அனுப்பிய பணத்தில் வீட்டுக்கு ஓடு வந்தது, தம்பி படித்தான், தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. இதை மறுப்பவர் தென்மாவட்டத்தின் வறுமையை அறியாதவர். முதல் தலைமுறையில் இந்த ஏற்பாடு இருவருக்கும் நியாயமாகவே இருந்தது என்றுகூடச் சொல்வேன். ஏனென்றால் அப்போது வேலைக்கு வந்த பையன் ஒரு நாள் முதலாளியாகலாம் என்பது நடக்கக்கூடிய காரியம். வசந்தகுமாரே வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்து, தவணை வியாபாரத்தை அங்கே கற்று வெளியே வந்தவர். பழைய முதலாளி புதிய கடைக்காரரை உருவாக்கினார், ஊர் போட்ட முதல் இன்னொரு கடையாக ஊருக்குத் திரும்பியது. கடை ஏழு மாடியானபோது இந்தக் கணக்கு உடைந்தது. பாத்திரக் கடையில் பத்து வருஷம் நின்றவருக்கு வியாபாரம் முழுக்கத் தெரியும்: எடை, கூலி, பெயர் வெட்டுவது, சீர் வரிசைக்கு எத்தனை குடம், யாருக்குக் கடன் தரலாம். மூன்றாம் மாடியில் பத்து வருஷம் சுடிதார் மடித்தவருக்குத் தெரிவது சுடிதார் மடிப்பதுதான். அவர் தனியாகக் கடை வைக்க நினைத்தால் அந்தத் தெருவின் வாடகையும் முன்பணமும் அவரை நெருங்கவிடாது. ஏணி இருந்த இடத்தில் லிஃப்ட் வந்துவிட்டது, அது சரக்குக்கானது.

ஏணி போன பிறகு மிஞ்சியது கட்டுப்பாடு மட்டுமே. முதலாளி தரும் விடுதியில் தூங்கி, முதலாளி தரும் சாப்பாட்டைச் சாப்பிட்டு, முதலாளி சொல்லும் நேரத்துக்குக் கடைக்கு வருபவர் சம்பளத்தைப் பற்றிப் பேச முடியாது. வேலையை விட்டால் அன்றிரவே படுக்க இடமில்லை. ஊர்க்காரர் மூலமாக வந்ததால் குறை சொன்னால் ஊரில் அப்பாவுக்குப் பேச்சு வரும். முன்பு கடனுக்கு ஈடாக இருந்த அதே மானம் இப்போது வாயடைக்கப் பயன்பட்டது. வசந்தபாலன் 2010-ல் எடுத்த ‘அங்காடித் தெரு’ இதைத் திரையில் காட்டியபோது பலர் மிகை என்றார்கள். 2008-ல் ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடையில் பிடித்த தீயில் இறந்தவர்கள் அங்கே வேலை பார்த்தவர்கள் என்பது மிகையல்ல. 2017 மே 31 அதிகாலையில் உஸ்மான் சாலையில் ஜவுளிக் கடைக் கட்டடம் ஒன்று எரிந்தபோது மேல்தளத்தில் மாட்டிக்கொண்ட ஊழியர்களைத் தீயணைப்பு வீரர்கள் இறக்க வேண்டியிருந்தது. நடுவில் 2011 அக்டோபரில் விதிமீறிய கட்டடங்களுக்குச் சீல் வைத்தார்கள். சில மாதங்களில் உச்ச நீதிமன்றத்தின் தற்காலிக அனுமதியோடு அவை திறந்தன. அந்த வழக்கு பற்றிய பொதுப்பேச்சு முழுக்க வணிகர் நஷ்டத்தையும் வாங்க வருபவர் பாதுகாப்பையும் சுற்றியே இருந்தது.

உட்காரும் உரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று சேலை காட்டும் பெண்ணுக்கு ஒரு ஸ்டூல் வேண்டும் என்பதற்குச் சட்டம் தேவைப்பட்டது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக் கடைப் பெண்கள் போராடி, 2018-ல் கேரளத்தில் அது சட்டமானது. தமிழ்நாடு 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கை கட்டாயம் என்றது. மூலச் சட்டம் 1947-ல் வந்தது. நடுவிலிருந்த எழுபத்து நான்கு ஆண்டுகளில் நம் வணிகர் சங்கங்கள் வரிக்கும் அந்நிய முதலீட்டுக்கும் எதிராகப் பலமுறை கடையடைத்திருக்கின்றன. தம் கடையில் நிற்பவருக்கு இருக்கை கொடுப்பதைச் சங்கத்தின் பொது வழக்கமாக்க அவற்றால் முடிந்திருக்கும். உறவே பாதுகாப்பு என்று வாதிடுபவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

உறவு செய்த வேலையை வேறு எதுவும் செய்ய முடியாதா என்றால், முடியும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். 1960-களில் பர்மாவில் நே வின் அரசு கடைகளையும் வங்கிகளையும் நாட்டுடைமையாக்கியபோது பர்மாத் தமிழர்கள் சம்பாதித்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். சென்னையில் அவர்களுக்கு 1969-ல் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி அரசு கடை போட இடம் கொடுத்தது. பர்மா பஜார் அப்படித்தான் வந்தது. இரண்டாவது, நம் காலத்து பெலாரூஸ். 2020 ஆகஸ்ட் தேர்தலுக்குப் பின் லுகஷென்கோ அரசு போராட்டக்காரர்களை ஒடுக்கியபோது மின்ஸ்க் நகரின் மென்பொருள் நிறுவனங்களும் பொறியாளர்களும் போலந்துக்கும் லிதுவேனியாவுக்கும் நகர்ந்தார்கள். போலந்து அதே ஆண்டு அவர்களுக்கென்றே தனி விசாத் திட்டம் தொடங்கி, குடும்பத்தோடு வரவும் நிறுவனத்தைப் பதிவுசெய்யவும் வழிவிட்டது. இரண்டு இடத்திலும் புலம்பெயர்ந்தவருக்கு முதல் காலடி வைக்க இடம் கொடுத்தது அரசு. மென்பொருள் எழுதத் தெரிந்த பொறியாளரையும் தேரிக்காட்டிலிருந்து வந்த பத்தாம் வகுப்புப் பையனையும் ஒன்றாக வைக்க முடியாது என்பது சரி. பொறியாளருக்குச் சந்தையில் விலை உண்டு. அந்த விலை இல்லாத பையனுக்கல்லவா பொது ஏற்பாடு இன்னும் அதிகமாகத் தேவை? அரசு ஒதுங்கி நின்ற இடத்தில்தான் உறவு வங்கியாகவும் விடுதியாகவும் காவலாகவும் ஆனது.

இன்று நிலைமை மறுபடி மாறிவருகிறது. தென்மாவட்டப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். வேறு வேலை கிடைக்கிறது. தி.நகர்க் கடைகளிலும் உணவகங்களிலும் வடகிழக்கிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள். முதலாளிக்கும் இவர்களுக்கும் ஊர் பொதுவில்லை, மொழி பொதுவில்லை, கல்யாணத்தில் சந்திக்கப்போவதில்லை. உறவின் பெயரால் நியாயம் சொன்ன பழைய வாதம் இவர்களிடம் செல்லாது. பழைய விடுதியும் பழைய வேலை நேரமும் மட்டும் அப்படியே தொடர்கின்றன. ஆளை மாற்றியும் முறை மாறவில்லை என்பதே, அந்த முறையைத் தாங்கியது அன்பு மட்டுமல்ல என்பதற்குச் சான்று.

இதற்கு அரசிடம் வழி இருக்கிறது, செய்தும் காட்டியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியை அரசு நிறுவனமான சிப்காட் திறந்தது. நகரங்களில் வேலை பார்க்கும் பெண்களுக்குத் தோழி விடுதிகள் இருக்கின்றன. தொழிற்சாலைப் பெண்ணுக்குச் செய்ததை ஜவுளிக் கடைப் பெண்ணுக்கும் பையனுக்கும் செய்யக் கூடாதென்று எந்த விதியும் இல்லை. மாம்பலம் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், கடைச் சம்பளத்துக்குக் கட்டுபடியாகும் வாடகையில், சாவி முதலாளியிடம் இல்லாத ஒரு பொது விடுதியை அரசும் மாநகராட்சியும் கட்ட வேண்டும். செலவில் ஒரு பங்கை அந்தத் தெருக்களின் பெரிய கடைகள் ஏற்க வேண்டும். அது அவர்கள் ஊருக்குத் தர வேண்டிய பாக்கி. தொழிலாளர் துறை இருக்கைச் சட்டம் எந்தெந்தக் கடையில் நடைமுறையில் இருக்கிறது என்று மாடி மாடியாக ஏறிப் பார்த்து, முடிவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். தீபாவளிக்குத் துணியெடுக்கப் போகிறவர்கள், சேலை காட்டும் பெண்ணுக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்.